அமெரிக்கப் பேராசிரியர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்குப் போராடுவது ஏன், எப்படி?

நியூஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சங்கம் புதிய ஒப்பந்தம் கேட்டு ஆள் திரட்டி வருகிறது. பேராசிரியர்கள் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள்தானே, அவர்களுக்கு எதற்குச் சங்கம்? நியாயமான ஒப்பந்தம் என்று அவர்கள் கேட்பதுதான் என்ன? வேலைநிறுத்தம் வந்தால் மகளின் படிப்பு என்ன ஆகும்?"

மூன்றுக்கும் பொதுவாக விடை சொல்வதைவிட, அதே மாநிலத்தில் 2023இல் நடந்து முடிந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் போராட்டத்தை முன்வைத்துச் சொல்வது தெளிவாக இருக்கும். 1766இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் 257 ஆண்டு வரலாற்றில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதுவே முதல் முறை.

முதலில், "நல்ல சம்பளம்" என்பதைப் பார்ப்போம். பணிநிரந்தரம் பெற்ற மூத்த பேராசிரியர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வகுப்பறையில் நிற்பவர்களில் அவர்கள் சிறுபான்மை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் தொகுத்த கணக்கின்படி, 1987இல் ஆசிரியர்களில் 47 விழுக்காட்டினர் பணிநிரந்தர வாய்ப்பு இல்லாத நியமனங்களில் இருந்தார்கள். 2021இல் அது 68 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இவர்களில் முழுநேர விரிவுரையாளர்களும் உண்டு. பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்தப்படும் பகுதிநேர விரிவுரையாளர்களும் உண்டு. அங்கே 'அட்ஜங்ட்' என்று அழைக்கப்படும் இந்த இரண்டாவது வகையினரின் நிலை, நம் ஊர் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். இவர்கள் தவிர, ஆய்வுப்படிப்பு படித்துக்கொண்டே இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து விடைத்தாள் திருத்தும் மாணவ உதவியாசிரியர்களும் இருக்கிறார்கள்.

ஒரு பகுதிநேர விரிவுரையாளரின் ஆண்டு வரவைப் பார்த்தாலே நிலைமை தெரியும். 2023க்கு முன் ரட்கர்ஸில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 6,000 டாலர். செமஸ்டருக்கு நான்கு பாடம் என்று ஆண்டுக்கு எட்டுப் பாடம் எடுத்தாலும் 48,000 டாலரைத் தாண்டாது. ஒரே இடத்தில் எட்டுப் பாடம் கிடைப்பதும் அரிது என்பதால், காலையில் ஒரு கல்லூரி, மாலையில் வேறொரு கல்லூரி என்று காரில் ஓட வேண்டும். பாடத்திட்டம் தயாரித்த நேரத்துக்கோ, மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய நேரத்துக்கோ தனியாகக் காசு கிடையாது. போதிய மாணவர்கள் சேரவில்லை என்று வகுப்பு தொடங்கும் தறுவாயில் பாடம் ரத்தாகிவிட்டால் அந்த செமஸ்டரின் வரவில் கால்பங்கு போய்விடும். அடுத்த செமஸ்டருக்கு அழைப்பு வராவிட்டால், ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு ஆண்டு பணியாற்றியிருந்தாலும் இதுதான் கதி. நியூஜெர்சி வீட்டு வாடகை தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த நிலையில் உள்ள ஒருவர் தனியாகத் துறைத்தலைவரிடம் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்டால், தலைவர் நல்லவராக இருந்தாலும் கையை விரிப்பார். சம்பளத்தை நிர்ணயிப்பது அவர் அல்ல. கூட்டாகப் பேசும் உரிமை இங்கேதான் பயன்படுகிறது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியரின் ஊதிய விகிதம் பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரையாலும் அரசாணையாலும் முடிவாவதால், நம் ஆசிரியர் அமைப்புகளின் போராட்டம் பெரும்பாலும் அரசை நோக்கியதாக இருக்கிறது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட நாடு தழுவிய ஊதிய விகிதம் ஏதும் இல்லை. சங்கம் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்தச் சங்கத்தோடு சில ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தமே அங்கு சட்டம் போல ஆள்கிறது.

அந்த உரிமையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. அரசுப் பல்கலைக்கழகமானால் அந்தந்த மாநிலச் சட்டம் செல்லும். நியூஜெர்சி 1968இலேயே அரசு ஊழியர்களுக்குக் கூட்டாகப் பேசும் உரிமை வழங்கியது. ரட்கர்ஸ் ஆசிரியர் சங்கம் 1970இல் அங்கீகாரம் பெற்றது. வட கரோலினாவில் அரசு ஊழியர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வதையே சட்டம் தடுக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் இருந்த உரிமையையும் 2011இல் பறித்துக்கொண்டது. தனியார் பல்கலைக்கழகமானால் 1980இல் வந்த யெஷிவா பல்கலைக்கழகத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது: பாடத்திட்டம், சேர்க்கை, நியமனம் ஆகியவற்றில் முழுநேரப் பேராசிரியர்களுக்கு அதிகாரம் இருப்பதால் அவர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்துவிட்டது. அதன் பிறகு தனியார் பல்கலைக்கழகங்களில் சங்கம் வளர்ந்தது பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும்தான். பேராசிரியர்களின் அதிகாரம் நிர்வாகிகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தத் தீர்ப்பைப் படித்தால், நீதிபதிகள் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதினார்கள் என்று வியப்பாக இருக்கிறது.

சரி, ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கும்? செய்தித்தாளில் அடிபடுவது சம்பள உயர்வு விழுக்காடு மட்டுமே. ஆனால் பல நூறு பக்கம் நீளக்கூடிய அந்த ஆவணத்தில் சம்பளம் ஒரு பகுதிதான். பாடச் சுமை எவ்வளவு, ஒருவரை மறுபடி நியமிக்காவிட்டால் எத்தனை மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், எந்த அளவுகோலில் மதிப்பிட வேண்டும், மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம், மருத்துவக் காப்பீட்டில் யார் பங்கு எவ்வளவு என்பவையெல்லாம் அதில் விதிகளாக எழுதப்படும். என் கணிப்பில் இவற்றுள் முதன்மையானது குறைதீர்ப்பு விதி. ஒப்பந்தம் மீறப்பட்டதாக ஆசிரியர் புகார் கொடுத்து, படிப்படியாக மேலே கொண்டுபோய், கடைசியில் இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் முன் நிறுத்த முடியும் என்ற அந்த ஒரு விதி இல்லாவிட்டால், மற்ற விதிகள் எல்லாம் நல்லெண்ண வாசகங்களாகவே நின்றுவிடும்.

இப்படி ஓர் ஒப்பந்தம் பேச்சுவார்த்தை மேசையில் வாதத் திறமையால் கிடைத்துவிடுவதில்லை. மேசையில் எதிரே இருப்பவர்கள் நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள். வாதம் செய்வதுதான் அவர்கள் தொழில். "ஒப்புக்கொள்ளாவிட்டால் இவர்களால் உண்மையிலேயே வகுப்புகளை நிறுத்த முடியுமா?" என்பது ஒன்றைத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்றும் வேலை ஓராண்டுக்கு முன்பே துறைதோறும் தொடங்கிவிடும்.

அந்த வேலை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு துறையிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எழுதுவார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவரிடம் யார் பேசினார்கள், அவருடைய தலையாய கவலை எது, சங்கத்தில் சேர்ந்தாரா, கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டாரா என்று குறித்து வைப்பார்கள். பேசுவது என்றால் துண்டறிக்கை நீட்டுவது அல்ல. அரை மணி நேரம் உட்கார்ந்து, "உங்கள் வேலையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பெரும்பாலான நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம்! ஒருவர் தன் குறையைச் சொல்லி முடித்ததும், அதை மாற்ற என்ன செய்ய ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்று கேட்டு, சின்னதாக ஒரு பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிறகு சோதனைகள். முதலில் கையெழுத்து மனு. அடுத்து, குறிப்பிட்ட நாளில் எல்லோரும் ஒரே நிறச் சட்டை அணிந்து வருவது. அதற்கடுத்து, பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் உறுப்பினர்கள் திரளாக வந்து உட்காருவது. கடைசியில், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்வேன் என்ற உறுதிமொழி. ஒவ்வொரு படியிலும் எண்ணிப் பார்த்து, வேதியியல் துறையில் பத்துக்கு மூன்று பேர்தான் கையெழுத்திட்டார்கள் என்றால், அங்கே மறுபடி போய்ப் பேச வேண்டும். எண்ணிப் பார்க்காமல் ஆவேசத்தை நம்பி அறிவிக்கும் வேலைநிறுத்தம், நிர்வாகத்துக்கு இனாமாகக் கிடைக்கும் வெற்றி. 2018இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்க முடியாது என்று ஆகிவிட்டதால், ஆள் ஆளாகப் பேசிச் சேர்க்கும் இந்த வேலையை எந்தச் சங்கமும் தள்ளிப்போட முடியாது.

ரட்கர்ஸில் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. முழுநேர ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் ஒரு சங்கம். பகுதிநேர விரிவுரையாளர்கள் இன்னொன்று. மருத்துவ, உயிர்மருத்துவப் பிரிவு ஆசிரியர்கள் மூன்றாவது. மூன்று சங்கம், தனித்தனி ஒப்பந்தங்கள். பழைய ஒப்பந்தங்கள் 2022 ஜூன் இறுதியில் காலாவதியாயின. வழக்கமாக நிர்வாகம் இப்படிப்பட்ட இடத்தில் வலுவான தரப்பிடம் முதலில் உடன்பாடு செய்துகொண்டு, மற்றவர்களைத் தனியே விட்டுவிடும். இந்த முறை மூன்று சங்கங்களும் ஒன்றாக நின்றன. மிகக் குறைந்த ஊதியம் வாங்குவோரின் கோரிக்கையை எல்லோருடைய கோரிக்கையாக முன்னிறுத்தின. வேலை பாதுகாப்பாக உள்ள பேராசிரியர், தனக்கு நேரடியாக ஆதாயம் இல்லாத பகுதிநேர விரிவுரையாளரின் கூலி உயர்வுக்காக வகுப்பைவிட்டு வெளியே வர ஒப்புக்கொண்டார் என்பதுதான் ரட்கர்ஸில் நடந்த புதுமை. மாணவர் விடுதி வாடகையை உயர்த்தக் கூடாது என்ற கோரிக்கையையும் சேர்த்தே வைத்தார்கள். நிர்வாகம் இதெல்லாம் பணி நிபந்தனையா என்று கேட்டது; சட்டப்படி கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மாணவர்கள் மறியலுக்கு வந்து நின்றதற்கு அந்தக் கோரிக்கை ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

2023 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 94 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி அளித்தார்கள். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு மாலையில் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை நியூபிரன்ஸ்விக், நூவர்க், கேம்டன் ஆகிய மூன்று வளாகங்களிலும் மறியல் தொடங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்ட மாணவர்கள் சுமார் 67,000 பேர். மருத்துவப் பிரிவு ஆசிரியர்கள் நோயாளிகளுக்கான அவசியப் பணியை மட்டும் தொடர்ந்தார்கள்.

நியூஜெர்சியில் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டப்பிரிவு என்று ஒன்று இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று அந்த மாநில நீதிமன்றங்கள் 1960களிலிருந்தே சொல்லி வந்திருக்கின்றன. நிர்வாகம் கேட்டால் தடையாணை கிடைக்க வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழகத் தலைவர் ஜொனதன் ஹாலவே நீதிமன்றம் போவதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றை ஆய்ந்த அறிஞர் என்பதால், அவருடைய துறையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர்களே அப்படிச் செய்யாதீர்கள் என்று திறந்த மடல் எழுதினார்கள். ஆளுநர் ஃபில் மர்ஃபி, நீதிமன்றத்தை நாட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, இரு தரப்பையும் டிரென்டனில் உள்ள தன் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசவைத்தார். ஐந்து நாள் மறியலுக்குப் பிறகு, ஏப்ரல் 15 சனிக்கிழமை அதிகாலையில் உடன்பாட்டின் சட்டகம், அதாவது முக்கிய அம்சங்கள் மட்டும் முடிவான வரைவு, உருவாகி, வேலைநிறுத்தம் இடைநிறுத்தப்பட்டது. மே 8இல் உறுப்பினர்கள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வாக்குகளால் ஒப்பந்தத்தை ஏற்றார்கள்.

கிடைத்தது என்ன? பகுதிநேர விரிவுரையாளர்களுக்கு ஒரு கிரெடிட்டுக்குக் கிடைக்கும் ஊதியம் நான்கு ஆண்டில் 43.8 விழுக்காடு உயர்ந்தது. ஆய்வு மாணவர்களின் ஊதியம் 30,000 டாலர் அளவிலிருந்து 40,000 டாலருக்குப் போனது. முழுநேர ஆசிரியர்களுக்கு 2025 ஜூலைக்குள் குறைந்தது 14 விழுக்காடு. இந்த விகிதங்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும்: அடித்தட்டுக்கு மிக அதிகம், மேல்தட்டுக்கு மிகக் குறைவு. பகுதிநேரத்தாருக்குப் பல செமஸ்டர் தொடரும் நியமனத்துக்கும் வழி பிறந்தது. கிடைக்காதவையும் உண்டு. செய்யும் வேலைக்கு ஏற்ப முழுநேரத்தாருக்கு இணையான ஊதியம் என்ற கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. பகுதிநேரத்தாருக்கு மருத்துவக் காப்பீடு கைகூடவில்லை. சட்டகம் மட்டும் உருவான நிலையில், மருத்துவப் பிரிவின் பல கோரிக்கைகள் முடிவாகாதிருக்கும்போதே மறியலை நிறுத்தியது அவசரம் என்று உறுப்பினர்கள் சிலர் குறைபட்டார்கள். அந்தக் குறையை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். வகுப்புக்குத் திரும்பிவிட்ட பிறகு மேசையில் அழுத்தம் குறைவது இயல்பு.

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2024 ஜனவரியில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 23 வளாகங்கள், 29,000 உறுப்பினர்கள். ஐந்து நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டு, முதல் நாள் மாலையிலேயே உடன்பாடு கண்டார்கள். 12 விழுக்காடு கேட்ட இடத்தில் 5 விழுக்காடு உடனடியாகக் கிடைத்தது. இன்னொரு 5 விழுக்காடு 2024 ஜூலைக்கு, அதுவும் மாநில நிதி குறையாவிட்டால் என்ற நிபந்தனையோடு. மகப்பேறு விடுப்பு ஆறு வாரத்திலிருந்து பத்து வாரமானது, அடிமட்டச் சம்பளம் உயர்ந்தது என்பவை நல்ல பலன்கள்தான். இருந்தும் வாக்கெடுப்பில் ஏற்றவர்கள் 76 விழுக்காடு. நான்கில் ஒருவர் எதிர்த்தார். அத்தனை பேரைத் திரட்டிவிட்டு ஒரே நாளில் கலைத்தது பலருக்குப் பிடிக்கவில்லை.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்பது எப்போதும் பொய் அல்ல. மாநில அரசுகள் தரும் நிதி பல இடங்களில் தேய்ந்திருக்கிறது. ஊதியத்தை உயர்த்தினால் கட்டணத்தை உயர்த்த வேண்டிவரும் என்ற கவலை மகளுக்குக் கட்டணம் கட்டும் தந்தைக்கு வீண் கவலை அல்ல. ஆனால் அந்த வாதத்தை ஆதாரம் கேட்டுத்தான் ஏற்க வேண்டும். பொறுப்பான சங்கங்கள் தணிக்கை செய்யப்பட்ட நிதி அறிக்கைகளை வரவழைத்து, எதற்கு வேண்டுமானாலும் செலவிடக்கூடிய கையிருப்பு எவ்வளவு, நிர்வாகப் பதவிகளுக்கான செலவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, கற்பித்தலுக்குப் போகும் பங்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும். கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகக் கணக்கியல் பேராசிரியர் ஹவர்ட் பன்சிஸ் இப்படிப் பல பல்கலைக்கழகங்களின் கணக்குகளை அலசிக் காட்டியிருக்கிறார். ரட்கர்ஸில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறைக்குப் பணம் கிடைக்கும்போது பகுதிநேரத்தாருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியைச் சங்கம் திரும்பத் திரும்ப எழுப்பியது.

மகளின் படிப்பைப் பற்றி. பெரும்பாலான ஆள்திரட்டல்கள் வேலைநிறுத்தம் வரை போவதில்லை. உறுதியான வாக்கெடுப்பு வந்தவுடனேயே மேசையில் அசைவு தெரியத் தொடங்கும். வகுப்புகள் நின்றாலும் சில நாட்கள்தான் என்பது பொது வழக்கம். ஆனால் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 10 வரை பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வெளியே நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பகுதிநேரத்தார் என்பதால் பாடங்கள் ஏறக்குறைய முழுவதுமாகவே நின்றன. பெற்றோர் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்தது நிர்வாகத்தைத்தான்.

வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களில் ஆசிரியர் எல்லோரும் கலந்துகொள்வதில்லை என்பதால், ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு உண்டா, ஒப்படைப்புகளின் கடைசி நாள் மாறுகிறதா என்று அந்தந்த ஆசிரியரிடமே முன்கூட்டிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பு நடந்தால் வருகைப்பதிவு கணக்கில் வரும் என்று நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பக்கூடும். மறியலைத் தாண்டிச் செல்ல மனமில்லாவிட்டால் அதை ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், பெரும்பாலோர் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பட்டம் பெறும் செமஸ்டர் என்றால் மதிப்பெண் பதிவாகும் தேதியைப் பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. மகள் ஆய்வு மாணவியாகவும் உதவியாசிரியராகவும் இருந்து, மாணவர் விசாவில் இருப்பவரானால், சங்கத்தில் சேரும் உரிமை மற்ற உறுப்பினர்களைப் போலவே அவருக்கும் உண்டு. வேலையை நிறுத்துவதற்கு முன், தன் பதிவுக்கும் விசா நிலைக்கும் அதனால் ஏதும் ஆகுமா என்று சங்கத்தின் வழக்கறிஞரிடமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும்.